சக்கரங்கள் எழுதிய சரித்திரம் – 14: ஐயாயிரம் டாலர் கணக்கு

சென்ற வாரம் மியூனிக் நகரின் மில்பெர்ட்ஸ்ஹோஃபன் பகுதியில், பி.எம்.டபிள்யூ. ஆலையின் வாசலில் கதையை நிறுத்தியிருந்தோம். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் விமான என்ஜினுக்கும் பந்தயக் காருக்கும் பேர்போன நிறுவனம் அது. போர் முடிந்தபோது, கார் செய்துகொண்டிருந்த ஐசனாக் ஆலை சோவியத் வசம் போன கிழக்குப் பகுதியில் மாட்டிக்கொண்டது. மியூனிக் ஆலையின் இயந்திரங்களைப் போர் இழப்பீடாகக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய தொழிலாளர்கள் அலுமினியத்தில் சட்டியும் பானையும் செய்து நாளைக் கடத்தினார்கள்.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. அதுதான் சோறு போட்டது.

1951-ல் 501 என்ற பெரிய காரைக் கண்காட்சியில் நிறுத்தினார்கள். உடம்பெல்லாம் வளைவும் நெளிவுமாக இருந்த அதற்கு ஜெர்மானியர்கள் 'பரோக் தேவதை' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். விலை 15,000 மார்க்குக்கு மேல். அன்றைய சராசரி ஜெர்மானியருக்கு அது ஏறத்தாழ நான்கு ஆண்டுச் சம்பளம். ரசித்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு.

1954-ல் அதே உடம்புக்குள் எட்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்தி 502 என்று கொண்டுவந்தார்கள். போருக்குப் பிறகு ஜெர்மனியில் பிறந்த முதல் வி-8 அதுதான். பிளாக் அலுமினியம். ஓட்டிப் பார்த்தவர்கள் பட்டுப்போல் ஓடுகிறது என்றார்கள்.

அந்த என்ஜினைப் பற்றிய சேதி கடல் தாண்டி நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

பார்க் அவென்யூ வியாபாரி

மாக்ஸ் ஹாஃப்மன் 1904-ல் வியன்னாவில் பிறந்தவர். இளமையில் தானே பந்தயம் ஓட்டியவர். தந்தை வழியில் யூதர். நாஜிகளின் நிழல் ஆஸ்திரியாவின் மேல் விழுந்ததும் பாரிஸுக்குப் போனார்; அங்கும் இருக்க முடியாமல் 1941-ல் அமெரிக்காவில் கால் வைத்தார். போர்க்காலத்தில் கார் வியாபாரம் ஏது? உலோகப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் நகைகளைச் செய்து விற்று முதல் சேர்த்தார். அந்த முதலை வைத்து 1947-ல் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்யத் தொடங்கினார்.

ஏழே ஆண்டுகளில் அவர் இருந்த உயரம் எது தெரியுமா? பார்க் அவென்யூவில் அவருடைய ஷோரூமை வடிவமைத்துக் கொடுத்தவர் ஃபிராங்க் லாயிட் ரைட். அமெரிக்கக் கட்டடக் கலையில் அந்தப் பெயருக்கு மேல் பெயர் கிடையாது.

மற்ற இறக்குமதியாளர்கள் ஆலை அனுப்பியதை விற்றார்கள். ஹாஃப்மன் என்ன செய்து அனுப்ப வேண்டும் என்று ஆலைக்கே சொன்னார். மெர்சிடிஸ் நிறுவனம் பந்தயத்துக்காக மட்டும் செய்திருந்த 300 எஸ்.எல். காரைச் சாலைக்குக் கொண்டுவாருங்கள், நான் விற்றுத் தருகிறேன் என்று வற்புறுத்தியவர் அவர்தான். 1954 பிப்ரவரியில் அது நியூயார்க் கண்காட்சியில் இறக்கை போன்ற கதவுகளை மேலே விரித்துக்கொண்டு நின்றது. போர்ஷே நிறுவனத்திடம் மலிவான, திறந்த கார் ஒன்று கேட்டு வாங்கினார், அதுதான் ஸ்பீட்ஸ்டர்.

ஆக, அமெரிக்கப் பணக்காரரின் மனசு ஹாஃப்மனுக்கு அத்துபடி. கலிஃபோர்னியாவின் கடலோரச் சாலையில், கூரையை மடக்கிவிட்டு, காற்று முகத்தில் அடிக்க, நானூறு ஐந்நூறு மைல் அலுப்பில்லாமல் போக வேண்டும். பந்தயக் காரின் வேகம் வேண்டும். பெரிய காரின் சொகுசும் வேண்டும். அத்தகைய காருக்கு எவ்வளவு கொடுப்பார்கள்?

அவர் கண்ணில் பட்டது ஓர் இடைவெளி. மெர்சிடிஸின் சின்னத் திறந்த கார் 190 எஸ்.எல். நாலாயிரம் டாலரை ஒட்டி விற்றது. பெரியண்ணன் 300 எஸ்.எல். ஏழாயிரத்தை ஒட்டி. நடுவில் ஒன்றுமில்லை.

ஐயாயிரம் டாலருக்கு, அந்த வி-8 என்ஜினோடு, அழகான திறந்த கார் ஒன்றைச் செய்து கொடுங்கள். ஆண்டுக்கு ஐயாயிரம் வண்டி போகும் என்று மியூனிக்குக்குச் சொன்னார் ஹாஃப்மன்.

இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தில் இனி நடக்கப்போவது எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

இரண்டு வடிவங்கள்

மியூனிக்கில் அப்போது விற்பனைத் தலைவராக இருந்தவர் ஹான்ஸ் கிரேவனிக். வங்கியில் வேலை பார்த்தவர். குறைவான எண்ணிக்கையில் விலை உயர்ந்த கார்களைச் செய்து, வண்டிக்கு வண்டி நல்ல லாபம் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்கு ஹாஃப்மனின் யோசனை தேனாக இனித்தது.

வடிவம் செய்யும் வேலையை வீட்டுப் பிள்ளை ஒருவரே முதலில் எடுத்தார். எர்ன்ஸ்ட் லோஃப், போருக்கு முந்தைய பி.எம்.டபிள்யூ. பந்தயக் காலத்தின் வாரிசு. அவர் செய்த மாதிரி வண்டி 1954-ல் பாட் நாய்னாரில் நடந்த அழகுக் கார்ப் போட்டியில் தங்கப் பரிசே வாங்கியது.

ஹாஃப்மன் பார்த்தார். அமெரிக்காவில் இது போகாது என்றுவிட்டார்.

நிராகரித்ததோடு நிற்கவில்லை. நியூயார்க்கில் தனக்குத் தெரிந்த ஒரு வடிவமைப்பாளரிடம், மியூனிக்குக்கு எழுதிப் பார் என்று சொன்னார். அவர் பெயர் ஆல்பிரெக்ட் ஃபான் கெர்ட்ஸ்.

ஜெர்மனியின் பிரன்கென்சன் என்ற ஊரின் பிரபுக் குடும்பத்தில் 1914-ல் பிறந்தவர் கெர்ட்ஸ். 1936-ல் அமெரிக்கா போய், கார் கழுவும் இடத்தில் வேலை பார்த்தார். பிறகு வாடகைக்கு ஒரு கராஜ் எடுத்து, பழைய ஃபோர்டு கார்களை வெட்டி ஒட்டிப் புது உருவம் கொடுத்து விற்றார். தனக்கென்று 'பாரகன்' என்ற ஒரு வண்டியைச் செய்துகொண்டார். அமெரிக்கப் படையில் ஐந்தாண்டு இருந்துவிட்டுத் திரும்பிய பின் அந்த வண்டியை நியூயார்க்குக்கு ஓட்டிப் போனபோது, ரேமண்ட் லோயி கண்ணில் பட்டார். அமெரிக்கப் பொருள் வடிவமைப்பில் அன்று முடிசூடா மன்னர் லோயி. அவர் இந்த இளைஞரைக் கல்லூரிக்கு அனுப்பினார். ஸ்டுடிபேக்கர் கார்களை வடிவமைத்த தன் குழுவிலும் சேர்த்துக்கொண்டார். 1953-ல் கெர்ட்ஸ் தனியாகத் தொழில் தொடங்கினார்.

பிரபு வீட்டுப் பிள்ளை, கார் கழுவிய தொழிலாளி, படைவீரர், அமெரிக்க ஸ்டுடியோக்காரர். நான்கும் ஒரே ஆளுக்குள் இருந்தன. ஜெர்மன் காரை அமெரிக்கக் கண்ணால் பார்க்க அவரைவிடப் பொருத்தமானவர் அன்று இருந்திருப்பாரா என்பது சந்தேகமே.

வரைபடங்கள் மியூனிக் போயின. 1954 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றுக்கு இரண்டு கார்கள்: நான்கு பேர் உட்காரும் 503, இரண்டே பேருக்கான திறந்த கார் 507.

காகிதத்தில் பிறந்த கோடு

507-ஐப் படத்திலாவது பார்க்காதவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு இந்தப் பகுதியைப் படியுங்கள். சொற்களால் ஓரளவுக்குத்தான் முடியும்.

நீண்ட பானெட். அது முடியும் இடத்தில், வண்டியின் பின்பாதியில் ஓட்டுநர் உட்கார்கிறார். கதவுக்கு அருகே உடம்பு லேசாக ஒடுங்கி, பின்சக்கரத்தின் மேல் மறுபடி நிமிர்கிறது. பி.எம்.டபிள்யூ. கார்களின் முகத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் இரட்டைச் சிறுநீரக வடிவ மூக்கை கெர்ட்ஸ் படுக்கைவாட்டில் இழுத்து நீட்டிவிட்டார். முன்சக்கரத்துக்குப் பின்னால், என்ஜின் சூடு வெளியேறப் பக்கவாட்டில் ஒரு காற்றுத்திறப்பு. அதன் நடுவே நிறுவனத்தின் வட்டச் சின்னம்.

அமெரிக்கக் கார்கள் வால் துடுப்பும் குரோம் பட்டையுமாக ஜொலித்த காலம் அது. அந்தச் சந்தைக்கென்றே வரைந்த கெர்ட்ஸ், துடுப்பு எதையும் ஒட்டவில்லை. அலங்காரத்தை நம்பாமல் கோட்டை நம்பினார். எழுபது ஆண்டு கழித்தும் அந்தக் கார் பழசாகத் தெரியாததற்கு நான் சொல்லக்கூடிய காரணம் இதுதான்.

தகட்டுக்குள்ளே இருந்ததை ஃபிரிட்ஸ் ஃபீட்லர் பார்த்துக்கொண்டார். போருக்கு முன் 328 என்ற புகழ்பெற்ற பந்தயக் காரின் பின்னால் இருந்த பொறியாளர். 503-ன் சேஸிஸை 2,480 மில்லிமீட்டர் சக்கர இடைவெளிக்குக் குறுக்கினார். வி-8 என்ஜின் 3,168 சி.சி.யாக வளர்ந்தது. இரண்டு கார்புரேட்டர்கள், 150 குதிரைத் திறன். வண்டி எடை ஏறத்தாழ 1,330 கிலோ. பின்னச்சின் பல் விகிதத்தைப் பொறுத்து மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டும் வேகம்.

1955 கோடையில் முதல் மாதிரி நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் காட்டப்பட்டது. செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சி. பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள்.

விலை என்ன என்று கேட்டார்கள். சரியான பதில் அன்று யாரிடமும் இல்லை.

பொருந்தாத கூரை

இனி கொஞ்சம் மெதுவாகப் போவோம். ஆலைக்குள் நுழையப் போகிறோம்.

நம் ஊரில் டிங்கரிங் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். ஒடுங்கிய கதவை ஒருவர் பின்பக்கம் கட்டையை அணைத்துக்கொண்டு, முன்பக்கம் சுத்தியலால் தட்டித் தட்டி எடுப்பார். தட்டுவார், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். அந்த உள்ளங்கைதான் அவருக்கு அளவுகோல்.

507-ன் உடம்பு முழுவதும் அப்படிக் கையால் செய்யப்பட்டது. இரும்பில்லை, அலுமினியம். இரும்பைவிட லேசானது, அதே அளவுக்குப் பிடிவாதமும் பிடிக்கும். பெரிய ஆலைகள் ராட்சத அச்சு இயந்திரத்தில் தகட்டை வைத்து ஒரே அழுத்தில் கதவை எடுத்துவிடும். அந்த அச்சுகளைச் செய்வதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். ஆயிரக்கணக்கில் கார் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். ஆயிரக்கணக்கில் விற்க வேண்டுமானால் விலை குறைவாக இருக்க வேண்டும். விலை குறைய வேண்டுமானால் அச்சு வேண்டும். பி.எம்.டபிள்யூ.விடம் அச்சுக்குப் பணமில்லை. எனவே சுத்தியல்.

இதன் விளைவை ஒரே ஒரு பாகம் போதும், காட்டிக் கொடுத்துவிடும். மழைக்காலத்துக்கென்று 507-க்குக் கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை ஒன்று உண்டு. ஒரு 507-ன் கூரையை எடுத்து இன்னொரு 507-ன் மேல் வைத்தால் பொருந்தாது. காரணம், இரண்டு 507-கள் அச்சு அசலாக ஒரே மாதிரி கிடையாது. ஒவ்வொரு காருக்கும் அதன் கூரையை அதன் மேலேயே வைத்து அளந்து செய்தார்கள்.

அந்தக் கூரையைச் செய்த கைகளுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஹாஃப்மன் கேட்டது ஆண்டுக்கு ஐயாயிரம் கார்.

வரிசை உற்பத்தி 1956 நவம்பரில்தான் தொடங்கியது. வால்டார்ஃப் ஓட்டலில் காட்டி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆசைப்பட்டவர்களில் எத்தனை பேர் அதுவரை காத்திருப்பார்கள்?

யாரும் போடாத கணக்கு

விலை வெளியானது. 26,500 மார்க்.

இதை எதனோடு ஒப்பிடலாம்? 1955 ஆகஸ்டில் வோல்ஃப்ஸ்பர்க் ஆலையிலிருந்து பத்து லட்சமாவது ஃபோக்ஸ்வாகன் வண்டு வெளியே வந்தது. அதன் விலை நாலாயிரம் மார்க்குக்குக் கீழே. ஒரு 507-ன் விலைக்கு ஆறு வண்டு வாங்கிவிட்டு மிச்சமும் கையில் வைத்துக்கொள்ளலாம். பிறகு 507-ன் விலை 29,950 மார்க்குக்கு ஏறியது.

அமெரிக்காவில் முதலில் 9,000 டாலர். பின்னர் 10,500.

ஐயாயிரம் என்ன ஆனது?

இங்கே பலர் ஹாஃப்மனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். சிலர் கெர்ட்ஸை. நான் பழைய விலைப்பட்டியல்களை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தேன். அன்று ஒரு டாலருக்கு 4.20 மார்க். ஐயாயிரம் டாலர் என்றால் 21,000 மார்க். அது வாடிக்கையாளர் ஷோரூமில் கொடுக்கும் பணம். அதில் ஹாஃப்மனின் லாபம், உள்ளூர் டீலரின் கமிஷன், கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் மியூனிக்குக்கு.

இரும்புத் தகட்டு உடம்போடு வந்த 502, அதே குடும்பத்து வி-8 என்ஜினோடு, உள்ளூர்ச் சந்தையிலேயே 17,000 மார்க்கைத் தாண்டித்தான் விற்றது. கடலைத் தாண்டவில்லை, சுங்கம் கட்டவில்லை. அப்படியிருக்க, அதைவிடப் பெரிய என்ஜினோடு, கையால் தட்டிய அலுமினிய உடம்போடு, ஒரு காரை ஐயாயிரம் டாலருக்கு எப்படிக் கொடுக்க முடியும்?

இந்தக் கணக்குக்குப் பொறியாளர் தேவையில்லை. மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை அரை மணி நேரத்தில் போட்டிருப்பார். ஹாஃப்மன் சந்தைக்கு ஏற்ற விலையைச் சொன்னார். அது வியாபாரியின் வேலை. கெர்ட்ஸ் கேட்டதை வரைந்தார். அது கலைஞரின் வேலை. அந்த விலையில் அந்தக் கோட்டைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்க வேண்டிய இடம் மியூனிக் நிர்வாகம். அங்கேதான் தவறு நடந்தது என்பது என் தீர்ப்பு.

ஹாஃப்மன் கண்ட இடைவெளி அதோடு போயிற்று. பத்தாயிரம் டாலர் வைத்திருப்பவர் 1957-ல் மெர்சிடிஸ் கடைக்குள் நுழைந்தால், அங்கே 300 எஸ்.எல். இப்போது கூரை திறந்த ரோட்ஸ்டராக நின்றது. எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் என்ஜின், இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைத் திறன். பந்தயங்களில் வென்ற பெயர் வேறு. 507-க்கு 150 குதிரைதான். அழகை மட்டும் வைத்து எத்தனை பேரை இழுக்க முடியும்?

300 எஸ்.எல். ரோட்ஸ்டர் 1963 வரை 1,858 விற்றது. 507, முதல் மாதிரிகள் இரண்டு நீங்கலாக, 1959-ல் நிற்கும் வரை மொத்தம் 252. ஒவ்வொன்றிலும் நிறுவனத்துக்குக் கைநஷ்டம்.

வாங்கியவர்கள்

அந்த 252 பேரில் சிலரை மட்டும் பார்த்துவிட்டு வருவோம்.

ஜான் சர்டீஸ், இங்கிலாந்துக்காரர். 1956-ல் எம்.வி. அகுஸ்டா மோட்டார் சைக்கிளில் 500 சி.சி. உலகப் பட்டம் வென்றார். மகிழ்ந்துபோன முதலாளி டொமெனிக்கோ அகுஸ்டா அவருக்கு ஒரு 507 பரிசாகக் கொடுத்தார். பின்னாளில் ஃபெராரி காரில் ஃபார்முலா ஒன் பட்டமும் வென்று, இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலகச் சாம்பியனான ஒரே மனிதர் என்று பெயரெடுத்தார். எத்தனையோ கார்கள் அவர் கைக்கு வந்து போயின. அந்த 507-ஐ மட்டும் 2017-ல் இறக்கும்வரை அவர் விடவில்லை. மறு ஆண்டு குட்வுட்டில் ஏலம் போனபோது 38 லட்சம் பவுண்டு.

இன்னொருவர் அமெரிக்கப் படைவீரர். 1958 அக்டோபரில் கப்பலில் ஜெர்மனி வந்து இறங்கினார். பெயர் எல்விஸ் பிரெஸ்லி.

அந்த டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் அவர் வாங்கிய 507 புதிதல்ல. மலையேற்றப் பந்தயங்களில் 'மலைகளின் ராஜா' என்று ஜெர்மனி கொண்டாடிய ஹான்ஸ் ஸ்டுக் ஓட்டிய வெள்ளை வண்டி. ரசிகைகள் அந்த வெள்ளை வண்ணத்தின் மேல் உதட்டுச் சாயத்தால் காதல் சேதி எழுதிவிட்டுப் போனார்கள். துடைத்துத் துடைத்து அலுத்துப்போன எல்விஸ் வண்டிக்குச் சிவப்பு அடித்துவிட்டார்.

பிறகு அந்தக் கார் பல கை மாறி, தன் சொந்த என்ஜினையும் இழந்து, கலிஃபோர்னியாவில் பூசணிக்காய்க் கிடங்கு ஒன்றில் பல்லாண்டு தூசி படிந்து கிடந்தது. கண்டெடுத்து மியூனிக்குக்கே கொண்டுவந்து, இரண்டு ஆண்டு உழைத்துப் பழைய வெள்ளை நிறத்துக்குத் திருப்பினார்கள். கிடைக்காத கதவுக் கைப்பிடிகளை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். 2016 ஆகஸ்டில் பெபிள் பீச்சில் அது மறுபடி வெயிலைப் பார்த்தது.

எல்விஸ் சாவியை வாங்கிய படம் பத்திரிகைகளில் வந்தது. அப்படி ஒரு விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஆனால் அது வந்த காலம் 1958 டிசம்பர். அந்த நேரத்தில் மியூனிக் கணக்கு அறையில் நிலைமை வேறாக இருந்தது.

நடுவில் ஆளில்லாத வீடு

507 ஒன்றுதான் பி.எம்.டபிள்யூ.வை முடித்தது என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 252 கார்களின் நஷ்டம் காயம்தான். நோய் வேறு இடத்தில் இருந்தது.

சோறு போட்டது மோட்டார் சைக்கிள் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? 1954-ல் ஏறத்தாழ 30,000 மோட்டார் சைக்கிள் செய்த ஆலை, 1957-ல் ஆறாயிரம்கூடச் செய்யவில்லை. ஜெர்மானியர்களின் கையில் காசு வந்துவிட்டது. மழையில் நனைந்துகொண்டு போக அவர்களுக்கு இனி விருப்பமில்லை. நான்கு சக்கரமும் தலைக்கு மேல் கூரையும் கேட்டார்கள்.

அவர்களுக்குக் கொடுக்க பி.எம்.டபிள்யூ.விடம் என்ன இருந்தது? ஒரு கோடியில் இசெட்டா. இத்தாலியிலிருந்து உரிமம் வாங்கி 1955-ல் செய்யத் தொடங்கிய முட்டை வடிவக் குட்டி வண்டி. முன்பக்கத்தில் ஒரே கதவு. மோட்டார் சைக்கிள் என்ஜின். விலை 2,500 மார்க்கைச் சற்றே தாண்டியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. வண்டிக்கு வண்டி லாபம் சொற்பம்.

மறு கோடியில் வி-8 கார்கள். 1955 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 507-ம் இசெட்டாவும் ஒரே நிறுவனத்தின் மேடையில் நின்றன. நடுவில்? சம்பளக்காரர், சின்ன வியாபாரி, டாக்டர், பள்ளி ஆசிரியர் வாங்கக்கூடிய கார்? அது இல்லை. ஜெர்மனி முழுக்க அந்த நடு வீட்டில்தான் குடியேறிக்கொண்டிருந்தது.

1957-ல் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஹைன்ரிஷ் ரிக்டர்-பிரோம் இதைக் கண்டுகொண்டார். 1,600 சி.சி. அளவில் நடுத்தரக் கார் ஒன்று வேண்டும் என்று திட்டம் போட்டார். திட்டத்துக்குப் பணம் வேண்டும். கடன் கொடுத்த வங்கிகள் அதற்குள் பொறுமையை இழந்திருந்தன.

507-ன் மேல் என் வருத்தம் இங்கேதான். அது தின்றது பணத்தை மட்டுமா? நடுத்தரக் காரை வரைந்திருக்க வேண்டிய ஆண்டுகளையும் சேர்த்துத் தின்றது. 1954-லிருந்து 1957 வரை நிறுவனத்தின் தேர்ந்த மூளைகள் 503-லும் 507-லும் உட்கார்ந்திருந்தன. பணத்தைக் கடன் வாங்கலாம். அந்த ஆண்டுகளை எந்த வங்கி தரும்?

1959 டிசம்பர் 9

மியூனிக்கில் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம்.

மேடையில் மேற்பார்வைக் குழுத் தலைவர் ஹான்ஸ் ஃபைத். டாய்ச்சே வங்கியைச் சேர்ந்தவர். அவர் கையில் இருந்த தீர்மானம் தெளிவானது: பி.எம்.டபிள்யூ. தனியாக நிற்க முடியாது, டைம்லர்-பென்ஸ் ஏற்றுக்கொள்ளும். அதாவது, 300 எஸ்.எல். செய்து 507-ஐச் சந்தையிலிருந்து விரட்டிய அதே மெர்சிடிஸ் வீடு. அந்த வீட்டின் மேற்பார்வைக் குழுவிலும் தலைமை நாற்காலி டாய்ச்சே வங்கியிடம்தான் இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே வங்கியின் கையில்.

பெரும்பான்மை வாக்கு வங்கிகளிடம். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் சிறு பங்குதாரர்கள். சேமிப்பைப் போட்டுப் பத்துப் பங்கு இருபது பங்கு வாங்கியவர்கள். பி.எம்.டபிள்யூ. பெயர்ப்பலகை மாட்டிக் கடை நடத்திய டீலர்கள். தொழிலாளர்களின் பிரதிநிதிகள். கோபம் இருந்தது. வாக்கு இல்லை.

அன்று தீர்மானம் நிறைவேறியிருந்தால், செங்கல்பட்டுக்கு அருகே 2007 முதல் அந்த வட்டச் சின்னத்தோடு கார்கள் பூட்டப்படும் ஆலை இருந்திருக்குமா என்றுகூட நாம் கேட்டுப் பார்க்கலாம். நீலமும் வெள்ளையுமான அந்தச் சின்னத்தின் ஆயுள் அந்த ஒரு அறைக்குள் தீர்மானமாகிக்கொண்டிருந்தது.

நேரம் போயிற்று. பேச்சுக்கு மேல் பேச்சு. தீர்மானம் வாக்கெடுப்பை நெருங்கியது.

அப்போது டீலர்களின் சார்பில் வந்திருந்த ஃபிராங்க்ஃபர்ட் வழக்கறிஞர் ஃபிரீட்ரிஷ் மாதெர்ன் பேச எழுந்தார். நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த அதே ஐந்தொகையை அவரும் படித்திருந்தார். எல்லோரும் பார்த்த எண்கள்தான். வங்கிகளின் பெரும்பான்மையை அசைக்க அவருக்குப் பெரும்பான்மை தேவையில்லை. சட்டத்தில் ஒரு வழி இருந்தது. அதற்கு ஐந்தொகையில் ஒரு பிழை இருந்தாக வேண்டும்.

அந்த எண்களுக்கு நடுவே மாதெர்ன் எதைக் கண்டிருந்தார்?

(தொடரும்)